பெர்லினில் ஒரு மாலை நடை: கையில் பையும் காலி பாட்டிலும்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம் எல்லாரும் தவறாமல் சொல்வது, "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காம சாயங்காலம் கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்பது. நல்ல யோசனைதான். ஆனால் சும்மா நடப்பது பெர்லினில் செப்டம்பர் வரைக்கும்தான் செல்லும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றைக்கே ஐந்து மணிக்கு முன்னால் பொழுது சாய்ந்துவிடும். அதற்கப்புறம் சோபாவை விட்டு எழுந்திருக்க உடற்பயிற்சி, மனநலம் என்று என்ன சொன்னாலும் உடம்பு கேட்காது. ஒரு வேலை இருக்க வேண்டும். என் வேலை கொத்தமல்லி வாங்குவது.

நான் இருப்பது கொட்புஸர் டாம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில். அந்தச் சாலையின் மேற்குப் பக்கம் க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதி, கிழக்குப் பக்கம் நொய்கொல்ன் பகுதி. தெற்கு முனையில் ஹெர்மன்பிளாட்ஸ் சதுக்கம், வடக்கே லாண்ட்வேர் கால்வாய். சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தச் சாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள், முடிவெட்டும் கடை வாசலில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் குடிக்கும் இளைஞர்கள், பக்லாவா கடையில் வரிசை, காய்கறிக் கடைக்காரர் நடைபாதையில் பாதியை அடைத்து அடுக்கிய பெட்டிகள் என்று எல்லாம் ஒன்றாக இருக்கும். ஜெர்மனி என்றாலே அமைதி என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் வீடு பார்க்காதீர்கள் என்று சொல்வேன். சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

கிளம்பும்போது காலி பாட்டில்களை எடுத்துக்கொள்வேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோ குளிர்பான டின்னோ வாங்கினால் விலையோடு 25 சென்ட் வைப்புப் பணம் சேர்த்து வாங்குவார்கள். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். சூப்பர் மார்க்கெட்டில் இதற்கென ஓர் இயந்திரம் இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள், இல்லை என்றால் காசாகவே கொடுப்பார்கள். பாட்டிலை நசுக்கிவிட்டால் இயந்திரம் பார்கோடைப் படிக்க முடியாமல் திருப்பித் தள்ளிவிடும். நம் ஊரில் பாட்டிலை நசுக்கிப் போட்டுப் பழகிய கைக்கு இது கொஞ்ச நாள் ஆகும்.

வழியில் குடித்து முடித்த பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாதீர்கள், தொட்டியின் அடியில் நிறுத்தி வையுங்கள். அதைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். வயதானவர்கள்கூட டார்ச் அடித்துத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவதைப் பார்க்கலாம். பணக்கார நாடு என்று நினைத்து வந்தவர்களுக்கு அது ஒரு பாடம்தான்.

செவ்வாயும் வெள்ளியும் என் நடை கால்வாயின் தென்கரையான மைபாஹுஃபரில் நின்றுவிடும். அங்கே காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறரை வரை சந்தை. துருக்கியர் சந்தை என்றுதான் பேர், ஆனால் இப்போது துணிக்கடை, வாசனைச் சோப்பு, காபி வண்டி எல்லாம் வந்துவிட்டன. சுற்றுலா வருகிறவர்கள் மதியமே வந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடித்தனக்காரர்களுக்கான நேரம் ஆறு மணி. கடை கட்டுவதற்கு முந்தைய அந்த அரை மணியில் "ஐன் ஓய்ரோ, ஐன் ஓய்ரோ" என்று கூவல் இரு பக்கமும் ஏறும். காலையில் கிலோ கணக்கில் விற்ற தக்காளி, மாம்பழம், அவகாடோ எல்லாம் கிண்ணமாக, பெட்டியாக ஒரு யூரோவுக்கு வந்துவிடும். கொத்தமல்லிக் கட்டு என்றால் நிஜமாகவே கட்டு. சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் நாலு காம்பு போட்டுக் கொடுப்பதைக் கொத்தமல்லி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இந்த மலிவு விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியாக வாங்கினால் மேல்வரிசை பளபளப்பாக இருக்கும், அடிவரிசை மறுநாள் மாலைக்குத் தாங்காது. அன்றைக்கோ மறுநாளோ சமைத்துத் தீர்க்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத் தக்காளியைத் தொக்காக்கிவிடலாம் என்று எல்லாரும்தான் நினைக்கிறோம். வேலை முடிந்து வந்து ராத்திரி எட்டு மணிக்கு மூன்று கிலோ தக்காளியை யார் வதக்குவது? சில்லறையாகப் பணம் கொண்டு போங்கள், அட்டை எல்லாக் கடையிலும் செல்லாது. காயை நாமே பொறுக்குவதைச் சிலர் விடுவார்கள், சிலர் முறைப்பார்கள். கையை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. நீளமான பச்சை மிளகாய் இரண்டு வகை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று வெறும் காய், இன்னொன்று காதில் புகை வரவைக்கும். "ஷார்ஃப்?" (காரமா?) என்று காட்டிக் கேட்டால் போதும். வெண்டைக்காய் நம் விரலில் பாதி அளவில், பிஞ்சாக வரும். நறுக்காமல் முழுசாகப் போட்டுப் புளிக்குழம்பு வைத்துப் பாருங்கள்.

சந்தைக்குள் நான் வேண்டுமென்றே நின்று பார்க்கிற ஓர் இடம் உண்டு. தலையில் பூப்போட்ட துணி கட்டிய அம்மா ஒருவர் கொஸ்லமே என்ற துருக்கி ரொட்டி போடுகிறார். அவர் கையில் இருப்பது நம் சப்பாத்திக் குழவியில் பாதித் தடிமன்கூட இல்லாத, முழங்கைக்கும் மேலே நீளும் குச்சி. உருண்டையை நாலு தள்ளு தள்ளியதும் மாவு குச்சியிலேயே சுருண்டுகொள்ளும். அவர் மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்ற, விரிந்து மேஜை முழுக்க விழும், மேஜையின் நிறம் மாவுக்குள்ளிருந்து தெரியும். அதில் கீரை, உதிர்த்த வெள்ளைப் பாலாடைக்கட்டி, நாலாக மடிப்பு, அகலமான கல்லில் இரண்டு திருப்பு, கடைசியில் வெண்ணெய்த் தூரிகை. நான் மிளகாய்த் தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன். ஒருமுறை எவ்வளவு போடுகிறேன் என்று பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் டப்பாவையே என் பக்கம் நகர்த்திவிடுகிறார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கிற ஜெர்மன் சொற்கள் ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் எனக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த பழக்கம் அவர்தான். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

இதை வேண்டுமென்றே பாடமாகவே சொல்கிறேன்: ஒரே நேரத்தில், ஒரே வழியாகப் போங்கள். புதுப்புதுத் தெருவாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊர் தெரியும், ஆட்கள் தெரியமாட்டார்கள். கடைக்குள் நுழையும்போது ஹலோ, வெளியே வரும்போது ச்சூஸ். எதுவும் வாங்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் முகம் கடுக்கும். அதை இனவெறி என்று எடுத்துக்கொண்டு வருந்திய நண்பர்கள் எனக்கு உண்டு. சில சமயம் அது நிஜமாகவே இனவெறிதான். பல சமயம் வணக்கம் சொல்லாததுதான்.

சந்தையிலிருந்து மேற்கே கொட்புஸர் பாலத்தைக் கடந்து கரையோடு போனால் அட்மிரால் பாலம். 1882-இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். கோடையில் இதன் கருங்கல் தரையில் இளசுகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிடும். பீட்சா பெட்டி, பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய பீர், யாராவது ஒருவரிடம் கிதார். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது, அதுவரை யாரும் எழுந்திருப்பதில்லை. பாலத்துக்கு இரு பக்கமும் குடியிருப்புகள். பத்து மணிக்கு மேல் பாட்டு கேட்டால் போலீஸ் வந்து கலைத்துவிடும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது அநியாயமாகத் தோன்றும். மூன்றாவது மாடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

அந்தப் பத்து மணிக் கணக்கு நம் வீட்டுக்கும் உண்டு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓய்வு நேரம். மறுநாள் டிபனுக்குப் பத்தரை மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைப்பது, இட்லி மாவுக்கு கிரைண்டர் ஓட்டுவது எல்லாம் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட வழி. ஞாயிற்றுக்கிழமை பகலிலும் சுவரில் துளை போடக் கூடாது.

நடக்கும்போது கண் தரையில் இருக்க வேண்டிய ஊர் இது. நடைபாதையிலேயே ஒரு பட்டை சிவப்புக் கல் பதித்திருக்கும். அது சைக்கிளுக்கானது. அங்கே நின்று செல்போன் பார்த்தால் முதலில் மணி, அடுத்து வசவு. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். "வண்டி வர்றது ரோட்லதானடி, இதென்ன பிளாட்ஃபாரத்துல?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. வயதானவர்களையோ தள்ளுவண்டிக் குழந்தையையோ கூட்டி வந்தால், கட்டட ஓரமாக நடங்கள். சிக்னலில் சிவப்பு மனிதன் நிற்கும்போது தெரு காலியாக இருந்தாலும் கடக்காதீர்கள். அபராதம் 5 யூரோதான். ஆனால் பக்கத்தில் குழந்தை நின்றால் அதன் அம்மா உங்களைச் சும்மா விடமாட்டார்.

பாலத்திலிருந்து அட்மிரால் தெரு வழியாக வடக்கே போனால் கொட்புஸர் டோர். எல்லாரும் கொட்டி என்பார்கள். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் மஞ்சள் ரயில், 1902-இலிருந்து ஓடுகிற பாதை. தரைக்கு அடியில் யூ8 சுரங்க ரயில். வடக்குப் பக்கம் முழுக்க வளைந்து நிற்கும் பெரிய அடுக்குமாடி, 1974-இல் முடிந்தது. அது அடால்பெர்ட் தெருவுக்கு மேலேயே பாலம் போல் கட்டப்பட்டிருக்கிறது. கட்டடத்துக்கு அடியில் புகுந்துதான் தெரு போகும்.

இந்தப் பகுதி இப்படி ஆனதற்குக் காரணம் 1961. அந்த ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும், கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்தவர்கள் நின்றுபோனார்கள். அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. மேற்கு பெர்லின் தொழிற்சாலைகளுக்கு ஆணும் பெண்ணுமாக வந்து சேர்ந்தார்கள். சுவரை ஒட்டிய, மேற்கு பெர்லினின் இந்தக் கிழக்கு மூலையில் வீடுகளை இடித்து நெடுஞ்சாலை போடுவதாகத் திட்டம் இருந்தது. இடிக்கப்போகிற வீட்டைப் பழுது பார்க்க யாரும் பணம் போடவில்லை, வாடகை மலிவு. மாணவர்களும் துருக்கியக் குடும்பங்களும் குடியேறினார்கள். நெடுஞ்சாலை வரவே இல்லை, சுவர் போய்விட்டது, ஓரமாகக் கிடந்த மூலை ஊரின் நடுவாகிவிட்டது. இன்று அதே வீடுகளுக்கு வாடகை கேட்டால் தலை சுற்றும். வாடகை உயர்வை எதிர்த்து இங்குள்ளவர்கள் 2012-இல் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு குடிசையே போட்டு உட்கார்ந்தார்கள்.

பெண்கள் என்னிடம் கேட்பது: அங்கே சாயங்காலம் தனியாகப் போகலாமா? நான் போகிறேன். ஆறு ஏழு மணிக்குக் கூட்டம் இருக்கும், ஆப்கானியக் கடை, கபாப் கடை, மருந்துக்கடை எல்லாம் திறந்திருக்கும். ஆனால் போதைப்பொருள் விற்பனையும் ஜேப்படியும் அங்கே உண்டு என்பதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. 2023-இல் அந்த அடுக்குமாடியிலேயே காவல் நிலையம் திறந்தார்கள். செல்போன் பின் பாக்கெட்டில் வேண்டாம், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். யாராவது அருகில் வந்து முணுமுணுத்தால் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். நள்ளிரவில் யூ8 நடைமேடையில் காத்திருப்பதை மட்டும் நான் தவிர்ப்பேன். ரயில் ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று: இங்கே நிலைய வாசலில் தடுப்பே கிடையாது. அதனால் டிக்கெட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், குத்தாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் அவருக்கு ஒன்றுதான்.

கட்டடத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் ஒரானியன் தெரு. புத்தகக் கடை, மதுக்கடை, பழைய துணிக்கடை, இசைக் கூடம். வீட்டு வாசல்களில் பார்த்து நடந்தால் கல்லுக்கு நடுவே உள்ளங்கை அளவில் பித்தளை மின்னும். ஷ்டோல்பர்ஷ்டைன் என்பார்கள். நாஜிகளால் கொல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன் பதிப்பது. இங்கே வாழ்ந்தவர் இன்னார், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். சில வரிகள்தான். கலைஞர் குன்டர் டெம்னிக் பெர்லினில் இவற்றை முதலில் பதித்தது இதே ஒரானியன் தெருவில், 1996-இல், அனுமதி வாங்காமல். படிக்கக் குனிந்தே ஆக வேண்டும். ஒரே வாசலில் அப்பா, அம்மா, மகள் என்று வரிசையாக இருக்கும்போது ஆண்டுகளைக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு கல்லில் அந்தக் குழந்தைக்கு ஏழு வயது வந்தது. அதன்மேல்தான் தினமும் ஆட்கள் சைக்கிளை நிறுத்துகிறார்கள், நாயோடு போகிறார்கள், நானும் கொத்தமல்லிப் பையோடு போகிறேன்.

அதே நடைபாதையில் அட்டைப் பெட்டிகளும் இருக்கும், "இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி. பெர்லின்காரர்கள் வேண்டாத பொருளை வாசலில் வைத்துவிடுவார்கள். என் சமையலறையில் இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டி அப்படி வந்தது, தோசை அருமையாக வருகிறது. பாத்திரம், புத்தகம், கண்ணாடி ஜாடி எடுக்கலாம். மெத்தையும் துணிச் சோபாவும் எடுக்காதீர்கள், மூட்டைப்பூச்சி வந்தால் அதை ஒழிக்க ஆகிற செலவில் புதுசே வாங்கிவிடலாம். மே முதல் தேதி மட்டும் இந்தத் தெருப் பக்கம் வர வேண்டுமா என்று யோசித்து வாருங்கள். 1987 மே தினக் கலவரத்திலிருந்து அந்த நாளுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. இப்போது பெரும்பாலும் திருவிழாக் கூட்டம்தான், ஆனால் குழந்தைத் தள்ளுவண்டி நகராது.

வடக்கே மரியானன்பிளாட்ஸ் பூங்காவைத் தாண்டி, தாமஸ் தேவாலயத்துக்குப் பின்னால் போனால் ஒரு வீடு நிற்கும். கழித்துப்போட்ட பலகை, கதவு, கட்டில் சட்டம் எல்லாம் கொண்டு, மரத்தைச் சுற்றிக் கட்டிய இரண்டடுக்கு. ஒஸ்மான் காலின் என்ற துருக்கியர் கட்டியது. பெர்லின் சுவர் நேராகப் போவதற்காக இங்கே ஒரு முக்கோண நிலத்தை வெளியே விட்டுவிட்டார்கள். மண் கிழக்கு ஜெர்மனியுடையது, கிடப்பது சுவருக்கு மேற்கே. இரு தரப்புமே கவனிக்காமல் குப்பை சேர்ந்த அந்த இடத்தை 1980-களில் காலின் சுத்தம் செய்து வெங்காயமும் பூண்டும் நட்டார். கிழக்கின் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சுவர் போனது, நாடு போனது, தோட்டம் நின்றது. அவர் 2018-இல் இறந்தார். வேலிக்குள் எட்டிப் பார்க்கலாம், உள்ளே நுழையக் கூடாது. அது குடும்பத்தின் இடம்.

இதே சுவரில் நம் ஆட்களுக்கும் ஒரு வழி இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் பிரிட்ஸ் பகுதி மயூரபதி முருகன் கோவிலில் அன்னதான வரிசையில் பக்கத்தில் நின்ற ஓர் இலங்கைத் தமிழர். 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். நான் ஒரானியன் தெருவில் நடப்பதைச் சொன்னதும் சிரித்தார். "பிள்ளை, நாங்கள் மொஸ்கோவாலை வந்து ஷோனஃபெல்டிலை இறங்கினனாங்கள். பிறகு கோச்சியிலை ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸ. அங்காலை மேற்குக்குள்ள வர ஒருத்தரும் பாஸ்போட் கேக்கேல்லை" என்றார். கிழக்கு பெர்லின் வழியாக வருகிறவர்களுக்குக் கிழக்கு ஜெர்மனி இடைவழி விசா கொடுத்தது. அந்தச் சுவரை நாட்டு எல்லை என்று மேற்கு ஒப்புக்கொள்ளாததால் மேற்குப் பக்கம் கடவுச்சீட்டைப் பார்க்கவில்லை. 1985-இல் மேற்கின் நெருக்குதலால் கிழக்கு அந்த வழியைத் தமிழர்களுக்கு அடைத்தது. தன் பக்கத்து ஆட்களை வெளியே விடாமல் சுட்ட சுவருக்குள், யாழ்ப்பாணத்துப் பையன்கள் ரயில் டிக்கெட்டோடு புகுந்து வந்திருக்கிறார்கள். பெரியவர் பரிமாறிய பாயசத்தை வாங்கிக்கொண்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்ல நகர்ந்துவிட்டார். ஹெர்மன்பிளாட்ஸிலிருந்து யூ7 பிடித்து பிளாஷ்கோ அலேயில் இறங்கினால் அந்தக் கோவில். வெள்ளிக்கிழமைகளில் சந்தையும் கோவிலும் ஒரே மாலையில் முடியும்.

குளிர்காலத்தில் இந்த முழுச் சுற்றையும் நான் போவதில்லை. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டு. சந்தையோடு திரும்பிவிடுவேன், அதுவும் ஆறு மணிக்கு இல்லை, மதிய உணவு நேரத்தில் ஒரு எட்டுப் போய்விட்டு வருவேன். வெயில் என்று ஒன்று இருந்தால் அது அப்போதுதான். பனி விழுந்தால் நடைபாதையில் உப்புப் போட இந்த ஊரில் தடை, பொடிக்கல்தான் தூவுவார்கள். அது காலணியின் வரிப்பள்ளங்களில் ஏறி வீட்டு மரத்தரையைக் கீறிவிடும். கதவுக்கு வெளியே ஒரு தடித்த மிதியடியும், குத்தி எடுக்க ஒரு பழைய ஸ்பூனும் வைத்துவிடுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது தரைக் கீறலை வைப்புப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அது 25 சென்ட் இல்லை, மூன்று மாத வாடகை வரை இருக்கும்.